சும்மா விட்டால் மணக்கும்

ஜப்பானில் குளிர்காலம் முடியும் தறுவாயில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வேலியோரம் குப்பென்று மணக்கும் குட்டைச் செடி ஒன்று உண்டு. ஜின்ச்சோகே என்று பெயர். அகிலின் மணமும் கிராம்பின் வடிவமும் சேர்ந்தது என்பது பொருள். அகில் மரமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். பெயர் வைத்தவர் மூக்கை மெச்சத்தான் வேண்டும். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் வெளியே ஊதா கலந்த சிவப்பு, உள்ளே வெள்ளை. இதழ் போலத் தெரியும் நான்கும் புல்லியின் மடல்கள்தான்.

நன்றாக இருந்த செடி திடீரென்று பட்டுப்போகிறது என்பது இதை வளர்ப்பவர்களின் புகார். பெரும்பாலும் நாம் காட்டும் அளவுமீறிய அக்கறையே அதைக் கொல்கிறது. இதற்குச் சல்லிவேர் குறைவு. பிடுங்கி இடம் மாற்றினால் தேறுவது கடினம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அடுத்த பருவத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். ஆகவே பூத்து ஓய்ந்ததும் கத்தரித்துவிட வேண்டும், இலையுதிர்காலத்தில் வெட்டினால் மொட்டும் சேர்ந்தே போகும். சரி, ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில ஆண்டுகளில் சாகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், நீண்ட ஆயுள் கொண்ட செடியல்ல இது. அதனால்தான் தாய்ச்செடி தெம்பாக இருக்கும்போதே, கோடையில் ஒரு சாண் குச்சியை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணற்பாங்கான மண்ணில் ஊன்றி வைக்கிறார்கள். ஜப்பானில் இருப்பவை பெரும்பாலும் ஆண் செடிகள், காய்ப்பது அபூர்வம். விதையை நம்ப முடியாது. வெட்டும்போது கையுறை அவசியம். செடி முழுக்க நஞ்சு, சாறு பட்டால் தோல் புண்ணாகும்.