வாடகை வீடும் ஓர் அமானிதமே

(பழவேற்காட்டில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 அண்மைக் காலமாக நம் மஹல்லாவில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். பிள்ளைகள் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிடுகின்றனர். பெற்றோர் மறைந்தபின் வீடு பூட்டிக் கிடக்கிறது. உப்புக்காற்றில் கதவும் பூட்டும் துருவேறி வீணாவதைவிட, யாரேனும் குடியிருக்கட்டும் என்று எண்ணி, வாழ்நாளில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகின்றனர். நல்ல எண்ணந்தான். ஆயினும் ஜமாஅத்தின் முன் வரும் வாடகை வழக்குகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். சண்டை வெடிப்பது வீட்டைக் காலி செய்யும் நாளில். அதன் விதை ஊன்றப்படுவதோ சாவியைக் கொடுக்கும் நாளில். ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் ஒரு முஸ்லிம் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

வாடகை என்பது என்ன?

நம் ஏரியில் மீனவர் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ‘பாடு’ முறையை நீங்கள் அறிவீர்கள். முறை வந்தவர் தமக்குரிய நாளில், தமக்குரிய இடத்தில் வலை கட்டுவார். அன்றைய மீன் அவருக்கு. முறை முடிந்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு விலகுவார். அவருக்கு உரியது தண்ணீரன்று. அந்நாளின் பயன் மட்டுமே. அவருடைய முறைநாளில் வேறெவரும் அங்கே வலை இறக்கவும் மாட்டார்.

மார்க்கச் சட்டத்தில் ‘இஜாரா’ எனப்படும் வாடகை ஒப்பந்தமும் இத்தகையதே. சுவரும் கூரையும் உரிமையாளருக்கே சொந்தம். குறித்த காலத்திற்கு அவற்றில் வாழும் பயனை அவர் விலைக்குக் கொடுத்துவிடுகிறார். அக்காலம் முடியும்வரை அந்தப் பயன் குடியிருப்பவரின் உடைமை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சச்சரவு நீங்கிவிடும்.

வீடு யாருடையது?

முதலாவதாக, நாம் வாடகைக்கு விடப்போகும் வீடு உண்மையில் நம்முடையதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சொத்து பாகம் பிரிக்கப்பட்டிராது. மூத்த மகன் வீட்டை வாடகைக்கு விட்டு, வரும் தொகையைத் தாமே செலவு செய்வார். சகோதரிகளோ திருமணமாகிச் சென்றவர்கள் என்று ஒதுக்கப்படுவார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களில் அல்லாஹ் வரையறுத்த பங்கு, திருமணமானதால் அற்றுப்போவதில்லை. வீட்டில் பங்குடையவருக்கு அவ்வீட்டின் வாடகையிலும் பங்குண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் தம் மனைவியையும், இரு மகன்களையும், மூன்று மகள்களையும் விட்டு மறைந்தார். கடனும் வஸிய்யத்தும் இல்லை; வேறு வாரிசும் இல்லை. வீட்டின் மாத வாடகை 4,000 ரூபாய் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 500 ரூபாய். மீதி 3,500 ரூபாயில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மகன் ஒவ்வொருவருக்கும் 1,000. மகள் ஒவ்வொருவருக்கும் 500. மாதம் 500 ரூபாய் சிறு தொகைதானே என்று எண்ணாதீர்கள். ஓராண்டில் அது 6,000 ரூபாய். பத்தாண்டில் 60,000 ரூபாய். பனையோலைக் கூடை முடைந்து குடும்பம் நடத்தும் ஒரு சகோதரிக்கு அந்தத் தொகையின் அருமை தெரியும். அவள் வாய்திறந்து கேட்கவில்லை என்பதால் அது நமக்கு ஹலால் ஆகிவிடாது. ஆதலால் வாரிசுகள் அனைவரின் இசைவையும் பெற்று, வாடகையை எவ்வாறு பிரிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வீடு அரசுத் திட்டத்திலோ, 2004 ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னரோ ஒதுக்கப்பட்டதாயின், ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளையும் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடக்கூடாது என்று அதில் இருந்தால், அதற்குக் கட்டுப்படுவது நம் கடமை.

குறையை மறைக்காதீர்கள்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்று வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

நம் ஊர் உப்பு மண். சுவரின் அடியில் உப்புப் பூத்துக் காரை உதிரும். அதன்மேல் அவசரமாக வெள்ளையடித்து, புதிய வீடு போலக் காட்டி வாடகை பேசுவதற்கும் நனைந்த தானியத்தை மறைப்பதற்கும் என்ன வேறுபாடு? கிணற்று நீர் உவர்ப்பா, ஐப்பசி கார்த்திகை மழையில் வாசல்வரை நீர் ஏறுமா, கூரை எங்கே ஒழுகும் என்பவற்றை நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். வாடகையில் நூறு ரூபாய் குறைந்தாலும் பரக்கத் குறையாது.

எழுதிக்கொள்ளுங்கள்

திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியதாகும். மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்கள் உழைப்பை ஒப்பந்தம் செய்தபோது, எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவர்தம் விருப்பம் என்று காலம் தெளிவாகப் பேசப்பட்டதை அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். இறைத்தூதரே இவ்வாறு ஒப்பந்தம் செய்திருக்க, தெரிந்தவர்தானே, எழுத்து எதற்கு என்று நாம் கூறலாமா?

வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மாதத்திற்கு, முன்பணம் எவ்வளவு, பழுதுபார்ப்பது யார், காலி செய்ய எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்ற யாவும் தாளில் இருக்கட்டும். குடிவருபவரின் அடையாளச் சான்றின் நகலையும் பெற்றுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் ரசீது கொடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017 ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அது எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் வலியுறுத்துகிறது. உங்கள் வீடு இருக்கும் பகுதியில் என்ன செய்ய வேண்டும் என்பதை வட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

வீடு எதற்காகப் பயன்படும் என்பதையும் எழுதுங்கள். 1610 ஆம் ஆண்டில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் இசைவு பெற்று இவ்வூரில் வணிகத்திற்கு இடம் பெற்ற டச்சுக்காரர்களுக்கு, 1613 ஆம் ஆண்டிலேயே கெல்டிரியா கோட்டை எழுந்துவிட்டது. 1825 ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடம் ஊரை ஒப்படைக்கும்வரை அவர்களின் தொடர்பு நீடித்தது. வாழ்வதற்கென்று கேட்ட வீட்டில் வட்டிக்கடையோ சூதாட்டமோ நடந்தபின் வருந்திப் பயனில்லை. பாவச் செயலுக்கென்று தெரிந்தே இடம் கொடுப்பவர் அப்பாவத்திற்கு உதவியவர் ஆவார்.

முன்பணமும் ஒத்தியும்

சகோதரர்களே! முன்பணம் வருமானமன்று, அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. ஒரு சகோதரர் பெற்ற முன்பணத்தை அவ்வாரமே வலை வாங்கச் செலவிட்டார். ஈராண்டுக்குப் பின் குடியிருந்தவர் காலி செய்ய வந்தபோது கையில் காசில்லை. அடுத்து ஒருவர் குடிவந்தால்தான் தருவேன் என்றார். பிள்ளைகளையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிவிட்டு ஒரு குடும்பம் தெருவில் நின்றது. அவர் கெட்டவரல்லர், முன்பணம் யாருடையது என்பதைச் சிந்திக்காதவர். புதிய சட்டமும், இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதைத் தடுக்கிறது. அளவாக வாங்குங்கள், தொடாமல் வையுங்கள்.

இதனினும் கவனமாயிருக்க வேண்டியது ஒத்தி. சிலர் இதனைப் போக்கியம் என்றும் லீஸ் என்றும் கூறுவர். மூன்று இலட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீட்டை ஒருவரிடம் விடுவார்கள். அவர் மூன்றாண்டு வாடகையின்றிக் குடியிருந்துவிட்டு முழுத் தொகையையும் திரும்பப் பெறுவார். பெயர் எதுவாயினும், கொடுத்த பணம் கடன். வாடகையின்றி வாழ்வது அக்கடனுக்குக் கிடைத்த ஆதாயம். கடன் ஈட்டித்தரும் இத்தகைய ஆதாயம் வட்டியே என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. இதில் பணம் கொடுத்தவர் மட்டுமன்று, வீட்டைக் கொடுத்தவரும் பங்காளி.

மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ மொத்தத் தொகை தேவைப்படுகிறதே, என் செய்வது என்று கேட்பீர்கள். ஆகுமான வழி உண்டு. மாதம் 4,000 ரூபாய் என நியாயமான வாடகை பேசி, 36 மாத வாடகையான 1,44,000 ரூபாயை முன்கூட்டியே பெறலாம். மாதந்தோறும் அது கழிந்துகொண்டே வரும். இடையில் அவர் காலி செய்தால் எஞ்சிய மாதங்களின் தொகையைத் திருப்பித் தரவேண்டும். இது கடனன்று, வாடகையே. தொகை ஒத்தியைவிடக் குறைவுதான். ஆயினும் வட்டி கலந்த மூன்று இலட்சத்தைவிட இதில் நிம்மதி மிகுதி.

சாவி கொடுத்த பின்

அந்நூர் அத்தியாயத்தின் 27, 28 ஆம் வசனங்கள் பிறர் இல்லத்தில் அனுமதியும் ஸலாமுமின்றி நுழைவதைத் தடுக்கின்றன. வாடகைக்கு விட்ட நாள் முதல் அவ்வீடு பிறர் இல்லமே. மாற்றுச் சாவி நம்மிடம் இருப்பது அனுமதியாகாது. வாடகை பாக்கி என்பதற்காகக் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டமும் தடுக்கிறது, மனிதநேயமும் தடுக்கிறது. மின்கட்டணத்தில், வாரியம் கேட்பதைவிட யூனிட்டுக்குக் கூடுதலாக ஓசையின்றி வசூலிப்போர் உண்டு. அளவையில் மோசடி செய்த மத்யன் மக்களின் முடிவை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். துணை மீட்டரும் ஒரு தராசுதான்.

குடியிருப்பவர் மீனவராயின் அவருடைய வருவாயின் தன்மையையும் உணருங்கள். முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் மீன் குறையும். புயல் நாட்களிலும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களிலும் கடலுக்குச் செல்ல இயலாது. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா 280 ஆம் வசனம் பணிக்கிறது. அதே வேளையில், வசதியிருந்தும் வாடகையை இழுத்தடிப்பது அநீதி என்பதைக் குடியிருப்போரும் அறிய வேண்டும்.

யாருக்கு வீடு கொடுப்பது என்பதிலும் நீதி வேண்டும். பெருநகரங்களில் பெயரைக் கேட்டதுமே வீடு இல்லை என்று கூறப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வலியை அறிந்த நாம், சாதியோ சமயமோ கேட்டு இன்னொருவரின் முகத்தில் கதவைச் சாத்தலாமா? நேர்மையானவரா, அண்டை அயலாருக்குத் தொல்லை தராதவரா என்று மட்டும் பாருங்கள்.

மதீனா வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் தங்கவைத்தார் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள். மேல்தளத்தில் நீர்க்குடம் உடைந்த ஓரிரவில், கீழே ஒரு துளியும் சொட்டிவிடக்கூடாதே என்று அஞ்சி, அவரும் துணைவியாரும் தம்மிடமிருந்த ஒரே போர்வையால் அந்நீரை ஒற்றியெடுத்தார்கள். அங்கே தங்கியிருந்தவர் இறைத்தூதர். அவர் வாடகை கொடுத்தவரல்லர், விருந்தினர். எனினும் நம் கூரையின்கீழ் உறங்குபவரின் நலனில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு அக்கறை வேண்டும் என்பதை அந்தப் போர்வை நமக்குக் கற்பிக்கிறது.

இவ்வுலகில் நாம் அனைவருமே தவணை குறிக்கப்பட்ட குடியிருப்பாளர்கள். நமக்குத் தரப்பட்ட அமானிதங்களைப் பேணி, உரியவரின் உரிமையை உரியவரிடம் சேர்த்து, ஹலாலான வருவாயில் வாழும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல நாயன் வழங்கியருள்வானாக! ஆமீன்.