விடுதலைக்குப் பின்



சமய வளர்ச்சிக்கான சங்கத்தில் மறியற்சாலைப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் பயின்ற மிஷன் பாடசாலையில், சிறைப்பட்டோரைச் சென்று காண்பதை அறமென்று போதித்தார்கள். நமக்கும் இது புதிதன்று. குதிரை வாங்கத் தந்த பணத்தைக் கோயிற் பணியிற் செலவிட்டமைக்காகச் சிறையிடப்பட்ட மணிவாசகரையல்லவா நாம் வணங்குகிறோம்?

நமது மன்னார்க் குடாக்கடல் வழியே, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் ஓட்டியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. 1906இல் கம்பெனி தொடங்கினார். 1908இல் தண்டனை பெற்றார். கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். இவற்றை யாவரும் அறிவோம். 1912இல் அவர் விடுதலையான பின் நடந்ததை எத்தனை பேர் அறிவோம்? சிறை வாயிலில் வரவேற்கப் பெருங்கூட்டம் நிற்கவில்லை. கம்பெனி அழிந்திருந்தது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து வறுமையோடு போராடினார். பின்னர் சன்னது மீளக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்த நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

தேசபக்தருக்கே இக்கதியென்றால், சாதாரண மனிதன் கதி என்ன? நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரிற் பெரும்பாலோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு. மடியிற் பணமுள்ளவன் மாலையில் வீடு திரும்புகிறான். இல்லாதவன் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது அவன் பெயர் ‘மறியலுக்குப் போனவன்’. சம்மாட்டி அவனை வள்ளத்தில் ஏற்றத் தயங்குகிறார். கடையிற் கடன் இல்லை. மகளின் கலியாணப் பேச்சு நின்றுவிடுகிறது. நீதவான் விதித்தது மூன்று மாதம். ஊர் விதிப்பது ஆயுள் முழுவதும்.

குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளைப் பறிகொடுத்தவனின் துயரும் துயரே. ஆனால், தண்டனைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளை மதிப்பதும் நீதியே.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தண்டப்பணம் கட்ட இயலாத ஏழைகளுக்காக ஒரு சிறு நிதி திரட்டலாம். சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யும்படி கட்டளையிட, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடந்தருகிறது. இதை அறியாதவர்க்கு எடுத்துச் சொல்லலாம். விடுதலையாகி வருபவர் எச்சமயத்தவராயினும், வேலை தேடிக் கொடுக்கலாம்.

அடுத்த சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் தொண்டர்களைச் சேர்க்கும்போது, மறியலால் வந்த நம்மூர்ச் சகோதரனையும் அழையுங்கள். பாலாவித் தீர்த்தம் எவரிடமும் பழைய கணக்குக் கேட்பதில்லை. கரையில் நிற்கும் நாமும் கேளாதிருப்போம்.