ஒரு நூறு நாற்பது ரூபா கடன்: அக்கா பையனும் போக்கிமான் கார்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல சம்பளம், இஎம்ஐ பத்திப் பேசினோம். இன்னைக்கும் கடன் பத்திதான். ஆனா கடன் கொடுத்தவனுக்கு வயசு பத்து, வாங்கினவனுக்கும் பத்து. நடுவுல நின்னு கெடுத்தது நான். அதனால இத கொஞ்சம் பாவமன்னிப்பு மாதிரியே கேளுங்க.

என் அக்கா வேளாங்கண்ணில இருக்காங்க. கோயிலுக்குப் போற வழில சின்ன பேன்சி கடை. மெழுகுவர்த்தி, ஜெபமாலை, சோழில செஞ்ச மயில், சாவிக்கொத்து, ஊதுனா சோப்பு முட்டை வர்ற பாட்டில், எல்லாம் இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள். அந்தப் பத்துப் பதினொரு நாள் வியாபாரத்த நம்பித்தான் மீதி வருசமே ஓடும். ஜூன்ல கொஞ்சம் அமைதி. நான் வொர்க் ஃப்ரம் ஹோம்ங்கிற பேர்ல ஒரு மாசம் அங்க போயிருந்தேன். கடைக்குப் பின்னாடி ரூம்ல லேப்டாப்.

அக்கா பையன் அஞ்சாவது படிக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். கேட்டதுக்கு, "நூறு ரூபா குடு மாமா, சொல்லிக்கோ"ன்னான். இதுலயே ஆள் எப்படின்னு புரிஞ்சிருக்கும்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். இவன் ராத்திரி பெட்ல உக்காந்து சில்லறை எண்ணிட்டிருந்தான். என்னடான்னா போக்கிமான் கார்டு. தங்க கலர்ல பளபளன்னு இருக்குமே, அந்த பிளாஸ்டிக் கார்டு. ஒரிஜினல் எல்லாம் கிடையாது. அக்கா கடைல ஒரு பாக்கெட் 120 ரூபா, உள்ள 55 கார்டு. இவன் பாக்கெட்டப் பிரிச்சு ஸ்கூல்ல ஒண்ணு ஒண்ணா அஞ்சு ரூபாய்க்கு வித்திருக்கான். சாரிஸார்ட் மட்டும் அம்பது ரூபா. ஆரம்பத்துல கார்டுக்கு கார்டு மாத்திக்கிறதுதான் இருந்திருக்கு. அப்புறம் ஒருத்தன் கிட்ட மாத்த கார்டு இல்ல, காசு இருந்துச்சு. அவ்வளவுதான், மார்க்கெட் உருவாயிடுச்சு.

இப்ப நான் செஞ்சது. ஒரு பொறுப்பான தாய்மாமன் என்ன கேக்கணும்? "பாக்கெட்டுக்கு அம்மாவுக்கு காசு குடுத்தியா?"ன்னு கேக்கணும். நான் கேக்கல. எனக்கு ஒரே பெருமை. 120 ரூபாய 55-ஆல வகுத்தா ஒரு கார்டு ரெண்டு ரூபா சொச்சம், அஞ்சுக்கு விக்கிறான், டபுளுக்கு மேல மார்ஜின்! ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எல்லாரும் நெருப்பு எமோஜி. அவனுக்கு ஒரு எக்செல் ஷீட் வேற போட்டுக் குடுத்தேன்: கார்டு பேர், வாங்கின விலை, வித்த விலை, பாக்கி.

பாக்கின்னு நான் ஒரு காலம் போட்டதுலதான் வினையே. "பாக்கின்னா என்ன மாமா?" "காசு இல்லாதவனுக்கு இப்ப குடுத்துட்டு அப்புறம் வாங்குறது." "அப்புறம் தரலன்னா?" அதுக்கு நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "என் கிரெடிட் கார்டுக்காரன் லேட் ஃபீ போடுவான்." ஜோக்தான். அவன் சிரிக்கல. கவனமா கேட்டுக்கிட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம். மீட்டிங்ல இருந்தேன், கடைல பேச்சு சத்தம். ஒரு அம்மா வந்திருக்காங்க. பக்கத்து மீனவர் குடியிருப்புல இருந்து. கோபமா எல்லாம் பேசல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "அக்கா, எம்பையன் அரிசி டப்பால வச்சிருந்த ஐநூறு ரூபாய எடுத்திருக்கான். கேட்டா ஒங்க வீட்டுத் தம்பிக்கு கடன் இருக்குன்னு சொல்றான். பெரியவளுக்கு நோட்டு வாங்க வச்சிருந்தேன் அக்கா."

நம்மள மாதிரி சிட்டில இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு விவரம் சொல்லிடறேன். நம்ம கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த வீட்டுக்காரர் நாகப்பட்டினத்துல விசைப்படகுக்குக் கூலிக்குப் போறவர். தடைக்காலம் முடிஞ்சு படகு அப்பதான் கிளம்பிருக்கு. ரெண்டு மாசமா வருமானம் இல்லாத வீட்ல, ஸ்கூல் திறக்குற ஜூன்ல, ஒரு ஐநூறு ரூபா நோட்டுக்கு என்ன வெயிட்டுன்னு யோசிச்சுப் பாருங்க.

அக்கா பையனக் கூப்பிட்டாங்க. அவன் பயப்படவே இல்ல. உள்ள போய் ரஃப் நோட்ட எடுத்துட்டு வந்தான். கடைசிப் பக்கத்துல எல்லாம் தெளிவா இருக்கு. அந்தப் பையன் பேருக்கு நேரா 140. பக்கத்துல "லேட்" போட்டு 280. திங்கக்கிழமைக்குள்ள தரலன்னா டபுள்னு சொல்லியிருக்கான். அந்தப் பையன் ஐநூறு நோட்டக் கொண்டுவந்து நீட்டியிருக்கான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? மிச்சம் 220 ரூபாய எண்ணி குடுத்திருக்கான். "நான் ஏமாத்தல அம்மா. பாக்கி குடுத்துட்டேன்"னு நெஞ்ச நிமித்திச் சொல்றான். அந்த 220 ரூபாய என்ன செய்யறதுன்னு தெரியாம அந்தப் பையன் ஜியாமெட்ரி பாக்ஸ்ல, காம்பஸ் அடில மடிச்சு வச்சிருந்திருக்கான். அவங்க அம்மா அத வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.

அக்கா என்னைப் பாத்தாங்க. "லேட் ஃபீயெல்லாம் இவனுக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?" கேமரா ஆஃப்ல இருந்த மீட்டிங்க அப்படியே கட் பண்ணிட்டேன்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் ஸ்கூல். 2000-கள்ல படிச்சவங்களுக்குத் தெரியும், டபிள்யூடபிள்யூஇ டிரம்ப் கார்டு. அதுக்கு முன்னாடி சிப்ஸ் பாக்கெட்ல வந்த டாஸோ. எங்க பிடி சார் ஒரு நாள் எல்லார் பையையும் கொட்டி, கார்ட எல்லாம் பிரேயர்ல வச்சு, எல்லார் முன்னாடியும் கிழிச்சார். அன்னைக்கு நாங்க கத்துக்கிட்டது கார்ட சாக்ஸ்குள்ள வைக்கணும்ங்கிறதுதான். அதனால தடை மட்டும் போட்டா போதும்னு எனக்கு எப்பவும் நம்பிக்கை இல்ல. 1999-ல அமெரிக்காவுலயும் இதேதான். போக்கிமான் கார்டு வந்து சண்டை, அழுகைன்னு ஆனதும் பல பள்ளிக்கூடங்கள் தடை போட்டுச்சு. சான் டியேகோவுல சில பெற்றோர் நின்டெண்டோ மேல வழக்கே போட்டாங்க. பாக்கெட்ட பிரிக்கிற வரைக்கும் உள்ள எந்த கார்டுன்னு தெரியாது, அரிய கார்டுக்காக திரும்பத் திரும்ப வாங்குறாங்க, இது லாட்டரிதானேன்னு வாதம். கார்டு செத்துதா? இருபத்தஞ்சு வருசம் கழிச்சு நம்ம வேளாங்கண்ணில தங்க கலர்ல பளபளக்குது.

சரி, கதைக்கு வரேன். அக்கா கல்லாவைத் திறந்து 280 ரூபாய எடுத்து அந்த அம்மா கைல குடுத்தாங்க. அப்பத்தான் நம்மாளு முதல் தடவையா அழுதான். "அப்ப என் கார்டு? 140 ரூபா கார்டு அவன்கிட்ட இருக்கே?"

இந்தக் கேள்வி நியாயமானது. இதச் சின்னப் பசங்க பேச்சுன்னு தள்ளிட முடியாது. ஏன்னா நூறு வருசத்துக்கு முன்னாடி லண்டன் வரைக்கும் போன கேள்வி இது. கல்கத்தாவுல தர்மோதாஸ் கோஷ்னு ஒருத்தர், அப்ப மைனர், சொத்த 20,000 ரூபாய்க்கு அடமானம் வச்சார், பிரம்மோ தத்துங்கிற வட்டிக்காரர்கிட்ட. அப்புறம், நான் மைனர், இந்தப் பத்திரம் செல்லாதுன்னு வழக்கு. 1903-ல பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னுச்சு: 1872 ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே செல்லாது. வாங்கின பணத்தத் திருப்பித் தரணும்னும் உத்தரவு போடல. மோஹரி பீபி வழக்குன்னு சட்டம் படிக்கிறவங்க எல்லாரும் முதல் வருசமே படிப்பாங்க. என் காலேஜ் ரூம்மேட் ஒருத்தன் அப்புறம் லா படிச்சான், அவன் புண்ணியத்துல எனக்குத் தெரியும்.

அப்ப சட்டப்படி பாத்தா நம்மாளோட ரஃப் நோட்டுக்கு மதிப்பே இல்ல. 140-உம் இல்ல, 280-உம் இல்ல. இத அவனுக்குச் சொன்னேன். "அப்ப அவன் சும்மா வச்சுக்கலாமா? நாளைக்கு நானும் கடைல போய் கடன் வாங்கிட்டு மைனர்னு சொல்லவா?"ன்னு கேக்குறான். பிரம்மோ தத்து வக்கீலே இவ்வளவு சுருக்கமா கேட்டிருக்க மாட்டார். என்கிட்ட பதில் இல்ல.

பதில் அக்காகிட்ட இருந்துச்சு. வேளாங்கண்ணில வளர்ற எல்லாக் குழந்தைக்கும் பால்காரப் பையன் கதை தெரியும். நாகப்பட்டினத்துல முதலாளி வீட்டுக்குப் பால் எடுத்துட்டுப் போற பையன், குளத்தங்கரைல ஆலமரத்தடில ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்து குழந்தைக்குப் பால் கேக்குறாங்க, குடுக்குறான். முதலாளிகிட்ட போய், லேட்டாயிடுச்சு, பாலும் குறைவுன்னு சொல்றான். மூடியத் திறந்தா பால் பொங்கி வழியுது. அக்கா கேட்டாங்க, "அந்தப் பால் யாரோடது?" இவன் யோசிச்சுட்டு, "முதலாளியோடது. அப்ப அவனும் கேக்காமதான் குடுத்தான்!"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். அக்கா சிரிக்கல. "ஆமா. ஆனா அவன் காசு வாங்கல. நேரா முதலாளிகிட்ட போய் உண்மையச் சொன்னான். நீ எடுத்த ரெண்டு பாக்கெட்டப் பத்தி என்கிட்ட சொன்னியா?"

அங்கதான் எனக்கு உறைச்சது. நான் மார்ஜின் கணக்குப் போட்டப்ப அவனோட செலவு பூஜ்யம். சரக்கு அக்காவோடது. இவன் தொழில் பண்ணல, அம்மா கல்லால இருந்து எடுத்திருக்கான், அந்தப் பையன் அவங்கம்மா அரிசி டப்பால இருந்து எடுத்திருக்கான். ரெண்டு பேரும் ஒரே காரியம்தான் செஞ்சிருக்காங்க. ஒருத்தன் திருடன்னு அழுதுட்டு நிக்கிறான், இன்னொருத்தனுக்கு எங்க ஆபீஸ் குரூப்ல நெருப்பு எமோஜி. கடை வச்சிருக்கிற வீட்டுப் பையன்னா சாமர்த்தியம், கடலுக்குப் போற வீட்டுப் பையன்னா களவு. இத என் வாயால சொல்லவே எனக்கு அசிங்கமா இருக்கு, ஆனா அன்னைக்கு என் மண்டைல ஓடுனது அதான்.

மறுநாள் நாங்க மூணு பேரும் அவங்க வீட்டுக்குப் போனோம். மன்னிப்புன்னு பெரிய சீன் எல்லாம் இல்ல. இவன் ரஃப் நோட்டோட அந்தக் கடைசித் தாளக் கிழிச்சு அந்தப் பையன்கிட்ட குடுத்தான். அதுல இன்னும் நாலு பேர் பாக்கி இருந்துச்சு, அதுவும் போச்சு. கார்டு விஷயத்துல அந்த அம்மா பிடிவாதமா இருந்தாங்க. "சும்மா வாங்கிக்க மாட்டோம் அக்கா, எடுத்துட்டுப் போங்க." ஆனா இருந்தது பதினொரு கார்டுதான். மீதி கைமாறிடுச்சு, ரெண்டு தண்ணில ஊறி உரிஞ்சு போச்சு. சாரிஸார்ட் எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியல. அக்கா வாங்கிக்கிட்டாங்க. வாங்கலன்னா அந்த அம்மாவுக்கு மரியாதையா இருக்காதுன்னு அப்புறம் வழில சொன்னாங்க. அடிச்சீங்களான்னு மட்டும் அக்கா கேட்டாங்க. அவங்க தலைய ஆட்டிட்டு, "ஒரு நாள் முழுக்க சாப்பிடல அவன், அதுக்கு மேல நா என்னத்த அடிக்க"ன்னாங்க.

ஸ்கூல்ல டீச்சர்கிட்டயும் அக்காவே போய்ச் சொன்னாங்க, பையன் பேரும் அந்தப் பையன் பேரும் வகுப்புல வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டு. டீச்சர் பொதுவா காசு கொண்டு வராதீங்கன்னு சொன்னதோட நிறுத்திட்டாங்க. நல்ல டீச்சர்.

இப்ப வீட்ல அக்கா போட்ட ஏற்பாடு இதுதான். கார்டுக்கு கார்டு, பொம்மைக்கு பொம்மை மாத்திக்கலாம். காசு கூடாது, கடன் கூடவே கூடாது. மறுநாள் எவனாவது மனசு மாறி திருப்பிக் கேட்டா முகம் சுளிக்காம குடுத்துடணும். இந்தக் கடைசி விதிய நான் எதிர்த்தேன், டீல்னா டீல்தானேன்னு. "பத்து வயசுல எதுக்குடா டீல்?"னு கேட்டாங்க. யோசிச்சா அதுதான் முக்கியமானதுன்னு தோணுது. கைல இருக்கிற வரைக்கும் ஒரு பொருளோட மதிப்பு தெரியாது, குடுத்த அன்னைக்கு ராத்திரிதான் தெரியும். எனக்கே ஸ்டாக் வித்த அன்னைக்கு அப்படித்தான் இருக்கு.

எனக்கும் ஒரு ஏற்பாடு உண்டு: எக்செல் ஷீட்ட டெலீட் பண்ணணும். ஆபீஸ் குரூப்ல மீதிக் கதையையும் போடணும். போட்டேன். ஒரே ஒருத்தர் "ஓகே"ன்னு தம்ஸ் அப் வச்சார்.

அந்தப் பதினொரு கார்டும் ரப்பர் பேண்டு போட்டு கல்லாலயே இருக்கு. நம்மாளு கேக்கல. ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கல. நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் அந்தப் பையன் கடைக்கு வந்தான், கைல ஒரு பேப்லேட், ஒரு பக்கம் உடைஞ்சது. இவன் சாவிக்கொத்து வச்சிருந்தான், சொந்தமா வாங்கினது. கடைப் படில உக்காந்து முக்கால் மணி நேரம் பேரம் பேசினாங்க. கடைசில மாத்திக்கவே இல்ல, ரெண்டு பேரும் அவங்கவங்க பொருள எடுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போயிட்டாங்க. நான் ஹெட்போன மாட்டிக்கிட்டு உள்ளயே இருந்தேன். ஒரு வார்த்தை பேசல.

உங்க வீட்ல, உங்க ஸ்கூல்ல இந்த மாதிரி நடந்திருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.