கதிரவன் மறையுமுன் ஒரு கலம் மொச்சைச் சாறு



கார்த்திகை பிறந்தால் பகல் குறுகுகிறது. தென் தமிழகத்தில் அத்திங்களின் தொடக்கத்தில் மாலை 6 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே கதிரவன் மறைந்துவிடுகிறான். தை பிறக்கும்போதும் ஆறேகாலை ஒட்டியே மறைவு. இரவுண்ணாமையை நோன்பாகக் கொண்ட முதியவர் ஒருவருக்கு அந்த நேரத்தோடு அன்றைய உணவு முடிந்துவிடும். அவர்தம் மக்களும் மருமக்களும் பணியிடத்திலிருந்து திரும்புவதோ அதன் பின்னர். விளக்கேற்றி, அடுப்பேற்றி, அன்போடு அவர்கள் உணவை எடுத்து வைக்கும்போது, ‘பசியில்லை’ என்று சொல்லி முதியவர் படுக்கைக்குச் சென்றுவிடுகிறார். பசியில்லாமல் அவர் அவ்வாறு சொல்வதில்லை. நோன்பும் கெடக்கூடாது, பிள்ளைகளின் மனமும் நோகக்கூடாது என்றே சொல்கிறார்.

இக்குறை சமண இல்லங்கள் பலவற்றில் ஓசையின்றி நிகழ்கிறது. இதனைத் தீர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. பனிக்காலத்துக் காய்களையும் மொச்சையையும் கொண்டு வீட்டிலேயே ஆக்கும் ஒரு கெட்டிச் சாறு போதும். இன்றைய வழக்கில் அதனைச் சூப் என்பர்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் இதன் தேவை நன்கு விளங்கும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம். வீட்டில் ஆணும் பெண்ணும் காலையில் பணிக்குச் சென்றால்தான் குடும்பம் நடக்கும். சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் நிலம். வடகிழக்குப் பருவமழை கண் திறந்த ஆண்டுகளில் மார்கழி, தைத் திங்களில் சந்தைக்குப் பச்சை மொச்சை வருகிறது. அவரையும் பரங்கியும் சுரையும் உடன் வருகின்றன. இவை யாவும் மண்ணுக்கு மேலே காய்ப்பவை என்பது சமணர்க்கு ஒரு வாய்ப்பு.

இம்மண் அறநெறிக்குப் புதியதும் அன்று. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறை முழுதும் வரிசையாக அமர்ந்துள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் குரவர், குரத்தியர் பெயர்கள் காணப்படுகின்றன. அவ்வறவோர்க்கு உணவளித்த இல்லங்களின் அடுப்புகள் இந்தக் கரிசல் விளைச்சலைக் கொண்டே எரிந்திருக்க வேண்டும்.

பகலுணவின் சிறப்பைத் தமிழிலக்கியமும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த கண்ணகிக்கும் கோவலனுக்கும் மாதரி இடமளிக்கிறாள். கோவலன் சாவக நோன்பி என்பதை எண்ணி, பகற்பொழுதிலேயே உணவு சமைப்பதற்குரிய கலங்களை விரைந்து கொடுக்குமாறு தன் சுற்றத்தாரிடம் சொல்கிறாள். ஆயர் மகளிர் கொண்டுவந்து தருபவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, பால் முதலியன. அப்பட்டியலில் கிழங்கு ஒன்றும் இல்லை. மாதரி ஆயர் குலத்தாள். ஆயினும் விருந்தினரின் நோன்பை அறிந்து பொழுதையும் பொருளையும் அதற்கேற்ப அமைத்தாள். பிறர் வீட்டில் கிடைத்த அந்தக் கருத்து, நோன்புடைய முதியவர்க்குத் தம் வீட்டில் கிடைக்காமற் போகலாமா?

இனிச் சாறு ஆக்கும் முறை. நால்வர்க்கு வேண்டுவன: காய்ந்த மொச்சை 150 கிராம், பரங்கிக்காய் 250 கிராம், சுரைக்காய் 150 கிராம், அவரைக்காய் 100 கிராம், தக்காளி 2, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, சுக்குப்பொடி கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, உப்பு, இரண்டு தேக்கரண்டி நெய்.

கதிரவன் எழுந்தபின், நல்ல வெளிச்சத்தில் மொச்சையை முறத்திலிட்டுப் பொறுக்க வேண்டும். துளை விழுந்த மணிக்குள் வண்டு இருக்கலாம், அதனை ஒதுக்குக. உயிரோடு தென்பட்ட வண்டை நிழலான இடத்தில் விட்டுவிடுக. வண்டு பிடித்த பயற்றைக் கொதிக்கும் வெயிலில் பரப்பினால் அவ்வுயிர்கள் மடியும். ஆதலால் பனிக்காலத்தில் பயற்றைச் சிறிது சிறிதாக வாங்கி, ஈரம் புகாமல் மூடிவைப்பதே முறை. வண்டு தோன்றியபின் இரங்குவதைவிட, தோன்றாமல் காப்பதே கொல்லாமைக்கு நெருங்கிய வழி.

பொறுக்கிய மொச்சையைக் காலை ஏழு மணிக்கு வடிகட்டிய நீரில் ஊறவைத்தால் பிற்பகல் மூன்றரை மணிக்குள் நன்கு ஊறிவிடும். இரவெல்லாம் ஊறி முளைகட்டும் நிலைக்கு அது செல்வதில்லை. முளைத்த பயற்றை விலக்கும் இல்லத்தார்க்கு இம்முறை பொருந்தும். பச்சை மொச்சை கிடைக்கும் நாளில் ஊறவைக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு தோட்டையும் பிரித்து, புழு உண்டா என்று பார்த்து உரித்தால் போதும்.

நான்கு மணிக்கு அடுப்பை ஏற்றுக. ஊறிய நீரை வடித்துவிட்டு, புதுநீர் மூன்று குவளையும் சிறிது மஞ்சள்தூளும் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் வரும்வரை வேகவைக்க வேண்டும். மொச்சை விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல் மசிய வேண்டும். அரைகுறையாக வெந்த மொச்சை வயிற்றுக்கு ஒவ்வாது. முதியோர்க்குக் கொடுக்கும்போது இதில் சிறிதும் அசட்டை கூடாது. தக்காளியை மொச்சையோடு சேர்த்து வேகவைக்கலாகாது. புளிப்பு சேர்ந்தால் பயறு மெலிவதற்குக் காலம் பிடிக்கும்.

பரங்கியையும் சுரையையும் சிறு துண்டுகளாகவும், அவரையை நாரெடுத்து, உள்ளே பார்த்து, மெல்லியதாகவும் நறுக்கித் தனிக்கலத்தில் இரண்டு குவளை நீரில் வேகவைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் காய்கள் மெலியும். அப்போது தக்காளியும் உப்பும் சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுக.

சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவதற்குப் பலரும் உருளைக்கிழங்கை நாடுவர். இங்கே அதற்கு மொச்சையும் பரங்கியும் உள்ளன. வெந்த மொச்சையில் கால் பங்கையும் பரங்கித் துண்டுகளில் பாதியையும் மத்தால் மசித்துச் சேர்த்து, எஞ்சிய மொச்சையையும் அது வெந்த நீரையும் உடன் ஊற்றினால் சாறு குழைந்து திரளும். வெங்காயமும் பூண்டும் தரும் மணத்திற்கு ஈடாக, நெய்யில் பெருங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு, சீரகம் ஆகியவற்றைத் தாளித்துக் கொட்டுக. ஈர இஞ்சி வேண்டா. காய்ந்த சுக்கே போதும். பச்சைக் கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் உறையும் என்று விலக்கிய முன்னோர், முற்றும் உலர்ந்த சுக்கையும் மஞ்சளையும் ஏற்றனர். இறுதியில் ஆய்ந்து கழுவிய கொத்தமல்லித் தழையைத் தூவி ஒரு கொதியில் இறக்கிவிடலாம்.

ஒன்று நினைவில் இருத்தல் நன்று. பயறு சேர்ந்த உணவில் காய்ச்சாத பாலையோ அதனால் ஆன தயிரையோ கலப்பதில்லை என்பது சமண இல்லங்களின் மரபு. ஆகவே உணவகங்களில் செய்வதுபோல் இதன்மேல் பாலாடை ஊற்ற வேண்டா. ஐந்து மணிக்குள் சாறு ஆயத்தமாகிவிடும். சூட்டோடு ஒரு கோப்பைச் சாறும், உடன் சிறிது சோறும் முதியவர்க்கு நிறைவான மாலையுணவு.

கடைகளில் விற்கும் பொடியைக் கொதிநீரில் கரைத்தால் இரண்டு நிமிடத்தில் சூப் கிடைக்குமே என்று கேட்கலாம். அவ்வுறையின் பின்புறத்தைப் படிப்பவர் பலவற்றில் வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் இருப்பதைக் காண்பர். உறையின்மேல் உள்ள பச்சைப் புள்ளி, புலால் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. கிழங்கும் பூண்டும் இல்லை என்று அது உறுதி கூறுவதில்லை. வண்ண உறைகளை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் சிவகாசி வட்டாரத்தார்க்கு, முன்புறத்துப் படம் ஒன்று, பின்புறத்துச் சிற்றெழுத்து வேறொன்று என்பதை விளக்கவும் வேண்டுமோ!

இச்சாற்றை ஆக்கும் சுமையை ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றினால் இதுவும் நான்கு நாளில் நின்றுவிடும். அவளும் பணிக்குச் செல்பவள்தானே! காலையில் மொச்சை பொறுக்கி ஊறவைப்பது வீட்டு ஆடவர் செய்யத்தக்க கால்மணி நேர வேலை. காய்களைக் கழுவி எடுத்துவைப்பதும் அவர்க்கு அரிதன்று. பள்ளி விட்டு வரும் பேரன் நறுக்கித் தரலாம். உடல் ஒத்துழைத்தால் முதியவரே அடுப்பை ஏற்றலாம். தள்ளாமை மிகுந்தவராயின், ஐந்து மணிக்குக் கோப்பையை நீட்ட ஒருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைக் காலையிலேயே செய்துவிட வேண்டும். நோன்பு ஏற்றவர் ஒருவரே எனினும், அதனைக் காப்பது குடும்பம் முழுவதற்கும் உரிய கடமை.

அளவறிந்து ஆக்குதலும் இதில் அடங்கும். மறுநாளைக்கு வைத்திருந்து உண்பது நெறியன்று. ஆதலால் உண்போர் தொகை அறிந்தே மொச்சையை அளக்க வேண்டும். மிகுந்தால் பொழுது சாயுமுன் அண்டை வீட்டார்க்குக் கொடுத்துவிடலாம். வேண்டும் அளவுக்குமேல் சேர்த்து வைக்காமை என்னும் நோன்பின் பாடம் சமையலறையிலேயே தொடங்குகிறது.

மேற்கு வானம் சிவக்கும்போது, பணியிடத்திலிருந்து திரும்பும் மகன் வீட்டு வாயிலில் நுழைகிறான். உள்ளே கழுவிக் கவிழ்த்த கோப்பை இருக்கிறது. ‘சாப்பிட்டாயிற்றா, அப்பா?’ என்ற கேள்விக்கு, ‘ஆயிற்று’ என்று முதியவர் உண்மையையே விடையாகச் சொல்கிறார். இந்தப் பனிக்காலத்தில் ஒவ்வோர் இல்லத்திலும் அந்த விடை ஒலிக்கட்டும்.

வாழ்க கொல்லாமை! ஓங்குக நல்லறம்!