சுவரொட்டியில் சிறிய எழுத்து

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் சினிமா நடிகரைப் பற்றிப் பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

1952-ல் வந்த ‘பராசக்தி’யைப் பலர் பார்த்திருப்பீர்கள். கோர்ட்டில் முழங்கிய சிவாஜி கணேசனை ஊரே அறியும். நீதிபதி ஆசனத்தில் இருந்துகொண்டு, கூண்டில் நிற்பவள் தன் தங்கை என்று அறிந்து நிலைகுலையும் அண்ணனாக நடித்தவர் யார்? எஸ்.வி. சகஸ்ரநாமம். அவர் படத்தின் கதாநாயகன் அல்ல. ஆனால் அந்த அண்ணன் இல்லாவிட்டால் கதையே நிற்காது.

1913-ல் கோவைப் பக்கம் சிங்காநல்லூரில் பிறந்தார். சிறுவனாகவே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுடன் இருந்தார்.

1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. கம்பெனியை நம்பி வாழ்ந்த நடிகர்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வழக்குச் செலவுக்கு வழி என்ன? சகஸ்ரநாமம் பொறுப்பை ஏற்றார். கலைவாணரின் துணைவியார் டி.ஏ. மதுரத்துடன் நின்று நாடகங்களை நடத்தினார். அவற்றில் ஒன்றான ‘பைத்தியக்காரன்’ 1947-ல் படமாயிற்று. கிழவனுக்கு இளம்பெண்ணைக் கட்டிவைக்கும் கொடுமையைச் சாடிய கதை அது. அந்த ஆண்டு ஏப்ரலில் கலைவாணர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அதே படத்தில் தாமும் நடித்தார். சிறைக்கதவு திறந்தபோது அவருக்கென்று ஒரு மேடை காத்திருந்தது!

பின்னர் சினிமாவில் பெயர் பெற்ற பிறகும் சகஸ்ரநாமம் நாடகத்தைக் கைவிடவில்லை. ‘சேவா ஸ்டேஜ்’ நிறுவி, பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடையேற்றினார். தி. ஜானகிராமனின் ‘நாலு வேலி நில’த்தையும் மேடையேற்றினார்; 1959-ல் அது படமாகவும் வந்தது. நாலு வேலி என்றால் ஏறக்குறைய இருபத்தாறரை ஏக்கர். அதில் குனிந்து நாற்று நடும் உங்களுக்கு அதன் நீள அகலத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 1988-ல் அவர் மறைந்தார்.

தோழர்களே, இப்போது நம் கதைக்கு வருவோம். சென்ற மாதம் ஓர் ஆலையில் நமது செயலாளரை வேலைநீக்கம் செய்தார்கள். மறுநாள் சந்தாப் புத்தகத்தை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நானும் அப்படிப் பார்த்தவன்தான், வெட்கத்தோடு சொல்கிறேன்.

முன்வரிசையில் முழங்குகிறவர் வேண்டும். அவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் விளக்கு அணையாமல் காப்பவர் பத்துப்பேர் வேண்டும். புத்தகம் இதோ மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?