தேடிக் கண்டடையும் கடமை

ஹைதராபாத்துக்குப் புதிதாக வரும் தமிழருக்குக் குழப்பம் விளைவிக்கும் தெலுங்குச் சொற்கள் சில உண்டு. "தப்பிபோயாடு" என்பது அவற்றுள் ஒன்று. நம் செவிக்கு அது தப்பித்துக்கொண்டான் என்று கேட்கும். தெலுங்கருக்கோ காணாமற் போனான் என்பது பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை இச்சொல் பலமுறை சிந்திக்க வைத்ததுண்டு. காணாமற் போனவரின் வீட்டார், அவர் தப்பினாரா, மாண்டாரா என்று அறியாமல் இவ்விரு பொருள்களுக்கும் நடுவிலேதான் நிற்கின்றனர். அவர்களை அந்நிலையினின்று விடுவிக்கும் கடமை யாருடையது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

அக்கடமையை மிகக் கடுமையாகச் சோதிக்கும் இடம் குப்பைமேடு. இந்நகரத்துக் கழிவுகளுக்கு ஜவஹர்நகர் இருப்பதுபோல் ஒவ்வொரு மாநகருக்கும் ஒரு மேடு உண்டு. வேண்டாமென்று நாம் விலக்கியவை சேரும் அவ்விடத்தில் ஒரு மனிதரைத் தேட நேர்ந்தால் என் செய்வது?

கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் இக்கேள்வி எழுந்தது. 2022-ஆம் ஆண்டில் அங்கே பழங்குடிப் பெண்கள் நால்வரை ஒருவன் கொலை செய்தான். அவர்களுள் இருவரின் உடல்கள் நகருக்கு வடக்கேயுள்ள பிரெய்ரி கிரீன் குப்பைக் கிடங்கில் புதைந்திருப்பதாகக் காவல்துறையினர் கருதினர். ஆயினும் தேடுவது இயலாத காரியம் என்று கைவிரித்தனர். 2023-இல் வெளிவந்த ஆய்வறிக்கை, இப்பணிக்கு மூன்றாண்டுகள் வரை ஆகலாம் என்றும், 18 கோடியே 40 இலட்சம் கனடிய டாலர் வரை செலவாகலாம் என்றும் மதிப்பிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பணியாளருக்குத் தீங்கு நேரும் என்று காரணங்காட்டி, அப்போதைய மாகாண அரசு மறுத்துவிட்டது.

பெண்களைப் பறிகொடுத்த குடும்பத்தார் ஓயவில்லை. முகாமிட்டுப் போராடினர், தலைநகர் சென்று முறையிட்டனர். 2023 அக்டோபரில் நடந்த தேர்தலில் ஆட்சி மாறிற்று. பழங்குடியினரான வாப் கின்யூ மாகாண முதல்வரானார். தேடுதல் பணி 2024 டிசம்பரில் தொடங்கியது.

தேடிய முறையும் அறியத்தக்கது. எந்த நாளில் வந்த குப்பை எப்பகுதியில் கொட்டப்பட்டது என்பதைப் பதிவுகளைக் கொண்டு கணித்தனர். அப்பகுதியை மட்டும் இயந்திரங்களால் அகழ்ந்து, கூடம் ஒன்றுக்குக் கொண்டுவந்து மெல்லிய படலமாகப் பரப்பினர். பாதுகாப்பு உடையணிந்தோர் வாருகோல் கொண்டு சிறிது சிறிதாகத் துழாவினர். மூன்று மாதம் நிறையுமுன்னரே, 2025 பிப்ரவரியில், எச்சங்கள் கிடைத்தன. அவை அவ்விரு பெண்களுடையவையே என்பது மார்ச்சு மாதம் உறுதியாயிற்று. இயலாது என்று கூறப்பட்டது இயன்றது.

நமக்கு அண்மையில் உள்ள இலங்கையிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில், ஏறத்தாழ முந்நூறு அடி உயர்ந்திருந்த குப்பைமலை அடிவாரத்துக் குடியிருப்பின்மீது சரிந்தது. இராணுவத்தினர் நாட்கணக்கில் தோண்டினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், சிலர் கிடைக்கவேயில்லை. எனினும் அது குடும்பங்கள் வாழ்ந்த தெரு. யார் எந்த வீட்டினர் என்று சொல்ல அண்டை வீட்டார் இருந்தனர்.

அண்டை வீட்டாரும் இல்லாத இடத்தில் பிழைக்க வந்தவர் கதி யாது? விடையை இந்நகரின் அருகிலேயே கண்டோம். 2025 ஜூன் 30 அன்று, சங்காரெட்டி மாவட்டத்துப் பாசமைலாரத்தில் மருந்துப்பொருள் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சிதறியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேலை செய்தோரில் பிற மாநிலத்தவர் பலர். அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்பதே முதலில் தெளிவாகவில்லை. இடிபாடுகளைச் சலித்து, உறவினரின் இரத்த மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தும், எட்டுப் பேரின் அடையாளம் கிட்டவில்லை. வீட்டாரிடம் ஒப்படைக்க உடல் இல்லை.

உடல் இல்லையேல் ஈமக்கடனில்லை. இறப்புச் சான்றிதழும் எளிதில் கிட்டாது. சான்றிதழ் இல்லையேல் காப்பீடும் வங்கிப் பணமும் கைக்கு வாரா. ஏழாண்டுகள் செய்தியில்லாதவரே இறந்தவராகக் கருதப்படலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதனையே கைக்கொண்டுள்ளது. பேரிடர்க் காலங்களில் அரசு இந்நெடுங் காத்திருப்பைத் தளர்த்தியதுண்டு. 2017-இல் ஓகிப் புயலில் கரை திரும்பாத குமரி மாவட்ட மீனவரின் குடும்பங்களுக்கு ஏழாண்டு கழியுமுன்னரே நிவாரணம் வழங்கப்பட்டது. ஆனால் அதற்கும் அவர் கடலுக்குச் சென்றார் என்று சொல்லும் சான்று வேண்டும்.

எனவே தேடலின் தொடக்கம் மண்வெட்டியில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்குப் புகைப்படம் ஒட்டிய கையேடு தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டின் சட்டமொன்று விதித்தது. அதன் நோக்கம் இன்றும் பொருந்தும். வெளி மாநிலங்களில் வாழும் நாமும் சிலவற்றைச் செய்யலாம். தொழில் செய்யுமிடத்தின் பெயரையும், மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணையும் ஊரிலுள்ளோருக்கு எழுதி வைப்போம். நம்மிடம் வேலை செய்வோரின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக் கொள்வோம். ஒருவரைக் காணவில்லையெனில் உடனே காவல் நிலையம் செல்வோம். இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

எந்தத் தேடலுக்கும் செலவுண்டு, இடருண்டு, எல்லையும் உண்டு. அவற்றைக் கணக்கிடுவது அரசின் பொறுப்பே. ஆனால் வின்னிபெக் குடும்பத்தாரை வாட்டியது செலவுக் கணக்கு மட்டுமன்று. தம் பெண்கள் வேறு குலத்தில் பிறந்திருந்தால் இக்கணக்கே எழுந்திருக்குமா என்னும் ஐயமும் வாட்டியது. தேட வேண்டியவர் ஏழையா, அயலூராரா என்று பாராமல் மண்வெட்டியை எடுக்கும் சமுதாயமே தன் மக்களை எண்ணத் தெரிந்த சமுதாயம்.