போர் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை



வீரனைப் போர்முனைக்கு அனுப்பும்போது எந்த அரசும் பணமில்லை என்று சொல்வதில்லை. பீரங்கிக்கும் விமானத்துக்கும் நிதி உடனே கிடைத்துவிடுகிறது. அதே வீரன் காயத்தோடும் நோயோடும் திரும்பி வந்து மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. 'ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ நான் யாரோ' என்ற பழமொழி அரசுகளுக்கும் பொருந்தும்.

இதற்கு அமெரிக்காவின் அனுபவமே போதிய சான்று. போரின் சுமையைத் தாங்கியவனையும் அவனுடைய மனைவி மக்களையும் பேணுவது நாட்டின் கடமை என்று 1865ஆம் ஆண்டிலேயே அதிபர் லிங்கன் அறிவித்தார். வாக்குறுதி அன்றே பிறந்துவிட்டது. ஆனால், அதற்குரிய பணம் மட்டும் பலமுறை தாமதமாகவே வந்தது.

2005ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி, அவ்வாண்டு சிகிச்சை நாடுவோர் சுமார் 23,500 பேர் என்று முன்னாள் இராணுவத்தினர் நலத்துறை கணக்கிட்டிருந்தது. பின்னர் அந்த எண்ணிக்கையை 103,000 என்று திருத்த வேண்டியதாயிற்று. காரணம் என்ன? ஈராக் போருக்கு முந்திய, 2002ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது! பற்றாக்குறையை ஈடுகட்ட, நாடாளுமன்றம் அவசரமாக 150 கோடி டாலர் ஒதுக்கியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அங்கே நிதியாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டமோ பெரும்பாலான ஆண்டுகளில் உரிய நாளில் நிறைவேறுவதில்லை. எவ்வளவு பணம் வரும் என்று தெரியாமல் ஒரு மருத்துவமனை எப்படி மருத்துவரை நியமிக்கும்? எப்படிக் கருவிகள் வாங்கும்? நோய் அக்டோபர் வரை காத்திருக்குமா?

முன்னாள் வீரர்களின் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2009 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவச் செலவுக்கான நிதியை ஓராண்டு முன்னதாகவே ஒதுக்க அது வழிசெய்தது. அதன் பயன் 2013இல் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் 16 நாள்கள் முடங்கியபோதும் அத்துறையின் மருத்துவமனைகள் திறந்தே இருந்தன. முன்கூட்டியே ஒதுக்கப்படாத உடற்குறை உதவித்தொகைக்கோ ஆபத்து வந்தது. முடக்கம் நீடித்தால் அது நின்றுபோகும் என்று துறை எச்சரித்தது. 2014 இறுதியில்தான் அதற்கும் முன் ஒதுக்கீடு கிடைத்தது.

பணம் கொடுத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2014இல் பீனிக்ஸ் நகர மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருந்த காலத்தை மறைக்கப் பொய்ப் பட்டியல்கள் வைக்கப்பட்டது அம்பலமாகி, துறைச் செயலாளரே பதவி விலகினார். ஆகவே, நிதியோடு கடுமையான தணிக்கையும் வேண்டும். ஆனால், நிர்வாகம் தவறு செய்தது என்பதற்காக நோயாளியின் மருந்தை நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

போர்க்காயம் எல்லாம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. வியட்நாமில் 'ஏஜென்ட் ஆரஞ்சு' உள்ளிட்ட களைக்கொல்லிகளைத் தெளிப்பது 1971இல் நின்றது. அதனால் வந்த நோய்களுக்குரிய சட்டம் பிறந்ததோ 1991இல். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திறந்த குழிகளில் குப்பை எரித்த நச்சுப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022 ஆகஸ்டில்தான் விரிவான சட்டம் கிடைத்தது. அதற்காக முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிகளில் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்களுக்கு எந்தச் சட்டமும் பயன்படப் போவதில்லை.

எனவே, மருத்துவ நிதி முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். களத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். செலவு முறையாகத் தணிக்கை செய்யப்பட வேண்டும். இது சலுகையன்று. போரின் செலவில் ஒரு பகுதி. அதைக் கொடுக்க மனமில்லாத அரசு, வீரனைப் போருக்கு அனுப்பும் முன்பே யோசிக்க வேண்டும்.